அந்தப் பொண்ணு கையில மைக்கக் குடுத்தாங்க

போன ஞாயித்துக்கிழமை ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். கல்வி உதவித்தொகை வழங்குற விழா. கல்யாண மண்டபம். வாசல்ல பன்னீர், சந்தனம், கல்கண்டு. உள்ள ஒரு முந்நூறு பேர் இருப்பாங்க.

மேடையில 9 நாற்காலி. ஒரு ஆடிட்டர், ஒரு ரைஸ் மில் முதலாளி, ரெண்டு டாக்டர், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர், இன்னும் சிலர். எல்லாருக்கும் சால்வை போட்டாங்க. எல்லாரும் நல்லவங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. சொந்தக் காச எடுத்துக் குடுக்குறவங்கள நான் குறைவாப் பேச மாட்டேன்.

அதுக்கப்புறம், "இப்போ நம்ம பயனாளி ஒருத்தங்க பேசுவாங்க"ன்னு ஒரு பொண்ணக் கூப்பிட்டாங்க. 19 வயசு இருக்கும். பி.எஸ்சி. ரெண்டாவது வருஷம். வந்துச்சு, வணக்கம் சொல்லுச்சு, உதவி பண்ணுன எல்லாருக்கும் நன்றின்னு சொல்லிட்டு இறங்கப் போச்சு.

விடல.

"அப்பா எப்படி இறந்தாங்கன்னு சொல்லும்மா"ன்னார் மேடையில இருந்த ஒருத்தர். மைக்லயே.

சொல்லுச்சு. அப்பா எப்படிப் போனாரு, அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சு, அம்மா எந்தெந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறாங்க, எல்லாத்தையும். துப்பட்டா நுனிய விரல்ல சுத்திச் சுத்தி அவுத்துக்கிட்டே சொல்லுச்சு. அதே காலேஜ் பிள்ளைங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. அம்மா கடைசி வரிசையில தலைய நிமிர்த்தவே இல்ல. எல்லாரும் கை தட்டுனாங்க. சில பேர் கண்ணத் துடைச்சாங்க. செக் 10,000 ரூபாய்க்கு.

சாப்பிட்டுட்டுக் கை கழுவுற இடத்துல அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து நின்னுச்சு. நான் ஏதோ விசாரிக்கணும்னு "நல்லாப் படிக்கிறியாம்மா?"ன்னேன். அதுக்கு அது கேட்டுச்சு:

"சரியாச் சொன்னேனாக்கா? போன வருஷமும் நான்தான் சொன்னேன்."

எனக்குச் சாப்பிட்ட சோறு செரிக்கல. அதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். பொறுத்துக்கோங்க.

பஸ்ல வரும்போது பூரா எனக்கு ஒரே யோசனை. அந்தப் பொண்ணு வாழ்ந்த வாழ்க்கை முந்நூறு பேர் முன்னாடி கதையா சொல்றதுக்கு ஆகுது. ஆனா அடுத்த வருஷம் யாருக்குக் குடுக்கணும், எவ்வளவு, எப்போ, எப்படின்னு முடிவு பண்ற கூட்டத்துல அதே வாழ்க்கைக்கு இடம் இல்ல. அந்த 9 பேர்ல ஒருத்தர்கூட வாழ்க்கையில ஒரு தடவையாவது உதவித்தொகைக்கு மனு எழுதுனவங்களா எனக்குத் தெரியல. வாங்குனவங்களுக்கு மைக், வாங்காதவங்களுக்கு நாற்காலி. இது தலைகீழா இருக்கு.

இத நான் வெளிய நின்னு சொல்லல. நாங்களும் இப்படித்தான் இருந்தோம்.

2013-ல ஒரு உதவித்தொகைக் குழு ஆரம்பிச்சோம். கூடப் படிச்ச ஏழு பேர். ஆளுக்கு மாசம் 1,000 ரூபாய். தென்காசி பக்கம் எங்க ஊரச் சுத்தி இருக்குற பிள்ளைங்க, பிளஸ் டூ முடிச்சிட்டுக் காசு இல்லாம வேலைக்குப் போயிடக் கூடாது. அவ்வளவுதான் நோக்கம். வருஷத்துக்கு 84,000. முதல் வருஷம் 6 பேரத் தேர்ந்தெடுத்தோம். ஃபீஸ நேரா காலேஜுக்கே கட்டினோம். பிள்ளைங்க கையில காசு குடுத்தா வீட்டுச் செலவுக்குப் போயிடும்னு எங்க கூட்டத்துல ஒருமனதா முடிவு. (அப்போ அது ரொம்பப் புத்திசாலித்தனமான முடிவுன்னு தோணுச்சு.)

தீபாவளிக்குள்ள ரெண்டு பேர் நின்னுட்டாங்க.

எங்களுக்குப் புரியவே இல்ல. ஃபீஸ்தான் கட்டியாச்சே! ஒருத்தர், "நம்ம என்ன செஞ்சாலும் படிக்கிற ஆர்வம் அவங்களுக்கு இருக்கணும்ல"ன்னார். நானும் தலையாட்டினேன். எங்க வீட்டுல அப்பா வாத்தியார். ஃபீஸ் கட்டுற தேதி எதுன்னே எனக்குத் தெரியாது. கட்டிருவாங்க. நான் ஆட்டுனது அந்த வீட்டுல வளந்த தலை.

ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் காரணம் தெரிஞ்சுது. ஒரு பையனுக்கு ஹாஸ்டல் மெஸ் பில். மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள கட்டலேன்னா தட்டு கிடையாது. மூணு மாசம் கடன் வாங்கிக் கட்டிருக்கான், நாலாவது மாசம் மூட்டையக் கட்டிட்டான். இன்னொருத்தனுக்கு வீட்டுல அவன் சனி, ஞாயிறு கொண்டுவர்ற கூலிதான் அரிசி. காலேஜ்ல சனிக்கிழமையும் வகுப்பு. நாங்க கட்டுன ஃபீஸ் பத்திரமா காலேஜ்லயே இருந்துச்சு. பிள்ளைங்கதான் இல்ல.

இலவசம்னு நாம குடுக்குற ஒவ்வொண்ணையும் சுத்தி, காசு குடுத்து வாங்க வேண்டியது அஞ்சாறு இருக்கு. அந்த அஞ்சாறும் எதுன்னு அதுக்குள்ள வாழ்ந்தவங்களுக்குத் தெரியும். நமக்கு யாராவது சொன்னாத்தான் தெரியும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கதை உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது. இலவசமா கண்புரை ஆபரேஷன் பண்றோம்னு சொல்லியும், வர வேண்டியவங்கள்ல பெரும்பாலானவங்க வரல. ஆபரேஷன் இலவசம் சரி. பஸ்ஸுக்கு? சாப்பாட்டுக்கு? கண்ணு தெரியாதவரக் கூட்டிக்கிட்டு வர்ற மகனோட ரெண்டு நாள் கூலிக்கு? அதுக்கப்புறம்தான் முகாமுக்கே பஸ் அனுப்பிக் கூட்டிட்டு வந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டு போய் விடுற ஏற்பாடு வந்துச்சு. அந்த டாக்டரும் சும்மா இல்ல. முடக்குவாதத்துல விரல் எல்லாம் கோணிப்போய், அதோடயே கத்தி பிடிக்கக் கத்துக்கிட்டவரு. உடம்பு ஒத்துழைக்கலேன்னா ஒரு மனுஷனுக்கு எதெல்லாம் மலையாத் தெரியும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

சரி, எங்க கதைக்கு வர்றேன்.

2017-ல எங்க முதல் செட்டுல படிச்ச ஒரு தம்பி, பாலிடெக்னிக் முடிச்சுத் தூத்துக்குடில வேலைக்குச் சேந்துட்டான். முதல் சம்பளத்துல 500 ரூபாய் அனுப்பி வச்சான். போன் பண்ணி நன்றி சொன்னப்போ, ஏதோ மனசுல பட்டு, "நீயும் தேர்வுக் கமிட்டில வந்து உக்காருடா தம்பி"ன்னேன். கூட்டத்துல ரெண்டு பேருக்கு இது பிடிக்கல. "நேத்து வரைக்கும் வாங்குன பையன்"ன்னாங்க. வரட்டும், பாப்போம்னு ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க.

முதல் கூட்டத்துல அவன் ரொம்ப நேரம் பேசவே இல்ல. எங்க விண்ணப்பத்தக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நாலு பக்கம், 31 கேள்வி. (நாங்களே ஒரு வாரம் உக்காந்து தயார் பண்ணுனது.) கடைசில மெதுவாக் கேட்டான்:

"எக்கா, இந்த ஏழாவது கேள்வி எதுக்கு?"

ஏழாவது கேள்வி: 'உங்கள் குடும்பத்தின் ஏழ்மை நிலையை 200 வார்த்தைகளில் விவரிக்கவும்.'

"நெஜமாவே தேவைப்படுறவங்களக் கண்டுபிடிக்கத்தான்"னேன்.

"நான் இத நாலு தடவ எழுதிக் கிழிச்சுப் போட்டேங்கா. கடைசில எங்க அம்மா படிச்சிரக் கூடாதுன்னு கடை வாசல்ல உக்காந்து எழுதுனேன். என்கூடப் படிச்சவன் ஒருத்தன் இந்தக் கேள்வியப் பாத்துட்டு ஃபாரத்த மடிச்சு வச்சிட்டான். அவன் என்னவிட நல்லாப் படிப்பான்."

கூட்டத்துல யாரும் பேசல.

அந்தக் கேள்விய எழுதுனது நான். என் கையெழுத்துலதான் முதல் பிரதி இருக்கு, இன்னும் வச்சிருக்கேன்.

அன்னைக்கே அந்தக் கேள்வி போச்சு. கூடவே 'வீட்டில் டிவி உள்ளதா?' கேள்வியும். "எக்கா, 2006-ல இருந்து கவர்மெண்டே கலர் டிவி குடுத்துச்சு. அதுக்கப்புறம் மிக்சி, கிரைண்டர், ஃபேன். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் இருக்கும், எல்லா வீட்டுலயும் கடனும் இருக்கும்"னான். நாலு பக்கம் ஒரு பக்கம் ஆச்சு. 31 கேள்வி 9 ஆச்சு.

அடுத்தது இன்னும் கஷ்டமானது. சொல்லணுமான்னு யோசிச்சேன், சொல்லிடுறேன்.

பழைய ஃபைல எல்லாம் அவன் புரட்டிக்கிட்டு இருந்தான். 2016-ல நாங்க வேண்டாம்னு தள்ளுன ஒரு விண்ணப்பம். பொம்பளப் பிள்ளை. 1200-க்கு 1061. எங்க ஆள் ரெண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து எழுதுன குறிப்பு: 'வீட்டில் பெரிய ஃப்ரிட்ஜ் உள்ளது. தேவை இருப்பதாகத் தெரியவில்லை.'

தம்பி அந்த ஊர்ப் பேரப் பாத்தான். வீட்டு அடையாளத்தப் பாத்தான்.

"எக்கா, அது மாவு விக்கிற வீடு. அந்த அம்மா இட்லி மாவு ஆட்டி பாக்கெட் போட்டு விக்கும். செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜு, தவணையில வாங்குனது. அது இல்லேன்னா மாவு புளிச்சிரும்."

அந்த வீட்டுச் சோறே அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளதான் இருந்துச்சு. நாங்க அத வசதின்னு எழுதி வச்சிருக்கோம்.

போனோம். நானும் இன்னொரு தோழியும். அந்த அம்மா எங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க. பொண்ணு ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லுல வேலைக்குச் சேந்து ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. இப்போ வந்து படின்னு கேட்டோம். என் தம்பி பத்தாவது படிக்கிறான், அவனப் பாக்கணும்னுடுச்சு. அதுக்கு மேல நாங்க எதுவும் கேக்க முடியல. அந்தப் பொண்ணு திரும்பக் காலேஜ் போகவே இல்ல.

வீட்டுக்குப் போய்ப் பாத்த ரெண்டு பேரும் நேர்மையானவங்க. அக்கறையாத்தான் போனாங்க. கண்ணு நல்லாத் தெரியும். ஆனா அந்தக் கண்ணுக்கு ஃப்ரிட்ஜ்னா வசதி. தம்பி கண்ணுக்கு ஃப்ரிட்ஜ்னா மாவு. அவன் அந்த வீட்டுக்குப் போகக்கூட இல்ல, காகிதத்துலயே தெரிஞ்சுது.

இதப் பத்திப் பேசும்போது ஆய்க்குடியச் சொல்லாம இருக்க முடியாது. எங்க ஊர்ப் பக்கம்கிறதால மட்டும் இல்ல. குற்றாலம் போறவங்க பல பேர் அந்த வழியாப் போயிருப்பீங்க, முருகன் கோயிலுக்கு நின்னிருப்பீங்க. அங்கதான் அமர் சேவா சங்கம் இருக்கு.

ராமகிருஷ்ணன்னு ஒரு எஞ்சினியரிங் மாணவர். 1975-ல கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்துல, உடல்திறன் சோதனையில கீழ விழுந்து கழுத்துக்குக் கீழ எல்லாம் செயலிழந்து போச்சு. அவருக்கு வைத்தியம் பாத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பேருலதான் 'அமர்' சேவா சங்கம். ஊருக்குத் திரும்பி, 1981-ல அஞ்சு பிள்ளைங்களோட ஒரு பள்ளிக்கூடமா ஆரம்பிச்சாரு. அந்த வருஷம்தான் ஐ.நா. சபை அறிவிச்ச சர்வதேச மாற்றுத்திறனாளிகள் ஆண்டு. 1992-ல அவரோட சேந்தவர் சங்கரராமன். தசைச்சிதைவு நோய் உள்ளவர், சக்கர நாற்காலியிலயே இருந்து சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஆனவர். ராமகிருஷ்ணனுக்கு 2020-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

"பாதிக்கப்பட்டவங்க கையில நிர்வாகத்தக் குடுத்தா உணர்ச்சிவசப்படுவாங்க, கணக்கு வழக்கு பாக்கத் தெரியாது"ன்னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க ஒரு தடவ ஆய்க்குடிக்குப் போய்ட்டு வரட்டும். கணக்குப் பாக்குறவரே சக்கர நாற்காலியில இருக்குறவரு.

அங்க நடக்குற வேலையில எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது, அவங்க கட்டடத்துக்குள்ள மட்டும் உக்காந்திருக்கல. கிராமத்துக்கு ஆள் அனுப்புறாங்க. வளர்ச்சி தாமதமாகுற குழந்தைகளச் சின்ன வயசுலயே கண்டுபிடிச்சு, பயிற்சி எடுத்த ஊழியர்கள் வீடு தேடிப் போய்ப் பயிற்சி சொல்லிக் குடுக்குறாங்க. நடக்க முடியாத அஞ்சு வயசுப் பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி டவுனுக்கு வர்ற தாய் எத்தனை நாள் வருவா? ஒரு மாசம். அதுக்கப்புறம் நின்னுடுவா. படி ஏற முடியாம வாசல்லயே நின்னவங்களுக்கு, வர முடியாம வீட்டுல இருக்குறவங்க ஞாபகம் முதல்ல வரும்.

முத்துலட்சுமி ரெட்டி அம்மா கதையும் அப்படித்தான். பிறந்தது 1886, புதுக்கோட்டை. அவங்க அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகம், தேவதாசி குலம்னு ஊர் ஒதுக்கி வச்ச குடும்பம். ஆம்பளப் பசங்க மட்டுமே படிச்ச மகாராஜா காலேஜ்ல எதிர்ப்புக்கு நடுவுல சேந்து படிச்சு, 1912-ல டாக்டர் ஆனாங்க. சட்டசபைக்குப் போய் தேவதாசி முறைய ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் போராடுனாங்க. அந்த முறையில இருந்து தப்பி வந்த பொண்ணுங்களுக்கு மெட்ராஸ்ல எந்த விடுதியிலயும் இடம் கிடைக்கல. 1930-ல சொந்த வீட்டுலயே இடம் குடுத்தாங்க. அதான் அவ்வை இல்லம். தங்கச்சி 1923-ல புற்றுநோயில இறந்துபோனாங்க. அந்த வலிய முப்பது வருஷம் சுமந்து, 1954-ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையத் திறந்தாங்க. 12 படுக்கை. இன்னைக்கு அது எப்படி நிக்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

படிச்ச, வசதியான எத்தனையோ பேர் அந்தக் காலத்து மெட்ராஸ்ல தர்மம் பண்ணிருக்காங்க. அந்தப் பொண்ணுங்க ராத்திரி வந்து தட்டுனது இவங்க வீட்டுக் கதவத்தான்.

அதே சட்டத்துக்காக மேடை மேடையாப் பேசுன இன்னொருத்தர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். சின்ன வயசுலயே தாசி வீட்டுல வளரும்படி விடப்பட்டவங்க. 1936-ல அதப் பத்தி ஒரு நாவலே எழுதுனாங்க. 1947-ல சட்டம் நிறைவேறுச்சு. அவங்க பேருல 1989-ல இருந்து திருமண உதவித் திட்டம் இருந்துச்சு. 2022-ல அது மாறி, கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சுட்டுக் காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய் ஆச்சு. புதுமைப் பெண் திட்டம். எங்க கமிட்டித் தம்பி இந்த அறிவிப்பு வந்த அன்னைக்குப் போன் பண்ணுனான். "மாசாமாசம் குடுக்குறாங்கக்கா! பிள்ள கணக்குலயே போடுறாங்கக்கா!" ரெண்டு தடவ சொன்னான். தொகை எவ்வளவுன்னு அவன் பேசவே இல்ல. மாசாமாசம்கிறதுதான் அவனுக்குப் பெருசு. அஞ்சாம் தேதி மெஸ் பில் கட்டுனவனுக்குத்தான் அது தெரியும்.

(காமராஜர், எம்.ஜி.ஆர். பசி தெரிஞ்சு சோறு போட்ட கதை எல்லாருக்கும் மனப்பாடம். அதனால விட்டுட்டேன்.)

பட்டவங்க கையிலயே பொறுப்பக் குடுக்குறது வெளிநாட்டுலயும் நடக்குது. மெக்கன்சி ஸ்காட், அமேசான் பங்குல வந்த பணத்த அள்ளிக் குடுத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்க 2020 ஜூலையில 116 அமைப்புகளுக்குக் கிட்டத்தட்ட 170 கோடி டாலர் குடுத்ததா எழுதுனப்போ, அந்த அமைப்புகள நடத்துறது யாருங்கிறதையும் சேத்தே எழுதுனாங்க. இனச் சமத்துவத்துக்கு வேலை செய்யுற அமைப்புகள்ல 91 சதவீதம் வெள்ளையர் அல்லாதவங்களே நடத்துறது, பெண்களுக்கானதுல 83 சதவீதம் பெண்களே நடத்துறது. காலேஜ் ரெண்டாவது வருஷம் காசு இல்லாம படிப்பு நிக்க இருந்தப்போ, ரூம்ல கூட இருந்த பொண்ணு ஆயிரம் டாலர் கடன் குடுத்தத அவங்களே பின்னாடி எழுதிருக்காங்க. அந்த ஆயிரம் டாலர் அவங்களுக்கு மறக்கல பாருங்க.

ஆனா ஒண்ணு. ஒருத்தர் பட்ட கஷ்டம் எல்லார் கஷ்டத்தையும் சொல்லிக் குடுத்துடாது. இதையும் சொல்லாம விட்டா நான் பாதி உண்மைதான் சொன்னதா ஆகும்.

டேரன் வாக்கர்னு ஒருத்தர். அமெரிக்காவுல கறுப்பினத்துல, ஏழ்மையில, அம்மா மட்டும் வளத்த பிள்ளை. ஏழைக் குழந்தைகளுக்காக 1965-ல அங்க ஆரம்பிச்ச ஹெட் ஸ்டார்ட் பாலர் பள்ளித் திட்டத்தோட முதல் செட்டுல படிச்சவர். 2013-ல ஃபோர்டு ஃபவுண்டேஷனுக்கே தலைவர் ஆனாரு. உலகத்துல பெரிய அறக்கட்டளைகள்ல அது ஒண்ணு. 2015-ல, இனிமே எங்க வேலை எல்லாம் சமத்துவமின்மைய எதிர்த்துத்தான்னு அறிவிச்சாரு. இனம், பாலினம், வறுமை எல்லாம் அதுல இருந்துச்சு. மாற்றுத்திறனாளிகள் இல்ல. அவங்க கோவமா எழுதி அனுப்புனாங்க. அடுத்த வருஷம் அவரே, நாங்க விட்டுட்டோம், தப்புதான்னு வெளிப்படையா எழுதுனாரு. அதுக்கப்புறம் அந்த ஃபவுண்டேஷன் அந்த வேலைக்குத் தனியாப் பணம் ஒதுக்க ஆரம்பிச்சுது.

அவ்வளவு அனுபவப்பட்ட மனுஷருக்கே ஒரு பக்கம் தெரியாம இருந்திருக்கு. கேட்டதும் ஒத்துக்கிட்டாரு பாருங்க, அதுக்காகவே எனக்கு அவரப் பிடிக்கும்.

எங்க தம்பியும் ஒரு இடத்துல சறுக்கினான். 2018-ல ஒரு பொண்ணு பாதில நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும், "ஹாஸ்டல் காச நாம கட்டிருவோம், பிரச்சினை முடிஞ்சுது"ன்னான். கட்டினோம். அந்தப் பொண்ணு ஹாஸ்டலுக்குப் போகவே இல்ல. வீட்டுல விடல. அவனுக்கு ஏன்னு புரியல. எனக்கும் பாதிதான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் 2019-ல ஒரு அம்மாவக் கமிட்டில சேத்தோம். பீடி சுத்துறவங்க. மூணு பொண்ணுங்க. ரெண்டாவது பொண்ணு எங்ககிட்ட படிச்சது. அவங்க வந்த முதல் நாளே சொன்னாங்க:

"எம் மூத்தவ படிப்ப நிறுத்துனது காசுக்காக இல்லம்மா. கடைசி பஸ்ஸு ஏழு மணிக்கு. அதுல வந்தாலும் ரோட்டுல இருந்து ஊருக்குள்ள ஒரு கிலோமீட்டர் இருட்டுல நடக்கணும். ரெண்டு நாள் யாரோ பின்னாடியே வந்திருக்கான். மூணாம் நாள் நாந்தான் போக வேண்டாம்னேன்."

இப்போ நாங்க பொண்ணுங்களத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஊர்ல இருந்து ரெண்டு பேரா, ஒரே காலேஜுக்குப் போற மாதிரி பாக்குறோம். முடியலேன்னா ரோட்டுல இருந்து வீட்டுக்கு ஆட்டோ காசு மாசாமாசம் குடுக்குறோம். எங்க ஏழு பேருக்கும் இது ஆறு வருஷமாத் தோணல.

கூட்டத்துக்கு வர்ற நாளைக்கு அந்த அம்மாவுக்கு 500 ரூபாயும் பஸ் காசும் குடுக்குறோம். இதுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சு. "சேவைக்குக் கூலியா?"ன்னு ஒருத்தர் எழுந்து போயிட்டார். (ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துட்டார், இப்போவும் இருக்கார்.) நான் அன்னைக்குச் சொன்னதத்தான் இன்னைக்கும் சொல்றேன். நமக்கு ஞாயித்துக்கிழமை லீவு. வந்து உக்காந்தா சம்பளம் குறையாது. அந்த அம்மா எங்ககூட உக்காந்திருக்குற மூணு மணி நேரம் பீடித்தட்டு சும்மா கெடக்குது. இலை நனைச்சு வச்சது காஞ்சு போகுது. அவங்க பைசா வாங்காம வரணும்னு சொன்னா, கமிட்டிக்கு நன்கொடை குடுக்குறது எங்க எல்லாரவிட அவங்கதான் அதிகம்.

இன்னொண்ணு. அந்த அம்மாவும் தம்பியும் எங்கள மாதிரி இளகிப் போய்டுறதில்ல. போன வருஷம் ஒரு விண்ணப்பத்தப் படிச்சிட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அந்த அம்மா நிதானமா, "இந்த வீட்டுக்கு ரெண்டு வாடகை வீடு இருக்கு, விசாரிச்சுப் பாருங்க"ன்னாங்க. விசாரிச்சோம். இருந்துச்சு. இல்லாமையோட மொழி தெரிஞ்சவங்கள யாரும் கதை சொல்லி ஏமாத்த முடியாது.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல வரல. 2022-ல ஒரு பையன் பாதில நின்னான். ஏன்னு இன்னும் எங்க யாருக்கும் தெரியல. அவன் திரும்ப வந்தா, கமிட்டில ஒரு இடம் இருக்குன்னு சொல்லி அனுப்பிருக்கோம்.

திரும்ப அந்த விழாவுக்கு வர்றேன். திங்கக்கிழமை அந்த அறக்கட்டளைச் செயலாளருக்குப் போன் பண்ணினேன். பெரியவர். ரெண்டே விஷயம் சொன்னேன். அடுத்த வருஷம் அந்தப் பொண்ண மேடை ஏத்தாதீங்க. அதே பொண்ணு டிகிரி முடிச்சதும் தேர்வுக் கமிட்டில சேத்துக்கோங்க, ஓட்டு குடுத்து. சும்மா பேருக்கு உக்கார வைக்காதீங்க. அவர் கோவப்படல. "நன்கொடை குடுக்குறவங்களுக்கு யாருக்குப் போகுதுன்னு தெரியணும்ல?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். மார்க் ஷீட்டக் காட்டுங்க, போன வருஷம் எத்தனை பேர் பரீட்சை எழுதுனாங்கன்னு காட்டுங்க, அப்பா செத்த கதை வேண்டாம்னேன். கமிட்டில பேசுறேன்னு வச்சிட்டார். பேசுவார்னு நம்புறேன்.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு டிரஸ்ட் இருக்கும். பழைய மாணவர் சங்கம், கோயில் கமிட்டி, ஜமாத், சர்ச், லயன்ஸ், ரோட்டரி, ஏதோ ஒண்ணு. நீங்களே அதுல உறுப்பினரா இருக்கலாம். அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த மேசையச் சுத்தி உக்காந்திருக்குறவங்கள்ல, நாம குடுக்குறத எப்பவாவது வாங்குனவங்க யாரு? யாரும் இல்லேன்னா, உங்க பழைய ஃபைல எடுத்து ரெண்டு பேருக்குப் போன் பண்ணுங்க. மே மாசம் விண்ணப்பம் குடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க.

எங்க அடுத்த கூட்டம் வர்ற மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. முன்னெல்லாம் காலையில 10 மணிக்கு வைப்போம். இப்போ மத்தியானம் 3 மணி. அந்த அம்மா பீடிக் கட்டக் கடையில போட்டுட்டு வர அதுதான் தோதான நேரம்.